எண்பத்திரண்டு டிகிரியில் திறக்கும் வால்வு

கொடைக்கானல்
6 ஜனவரி 2025, திங்கள்

அண்ணே,

ஸலாம். என் எண்ணை உங்கள் போனில் தடுத்து வைத்திருப்பதாக அம்மா சொன்னார்கள். நீங்கள் எடுத்திருந்தாலும் எனக்குப் பேச வந்திருக்காது. எழுதினால் கொஞ்சம் வரும்.

சனிக்கிழமை விடுதி வாசலில் அத்தனை பேர் முன்னால் எங்கள் முதலாளி சேனாதிபதி ஐயா உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. "காயலாங்கடையில கெடந்த இன்ஜினத் தூக்கி என் வண்டில வச்சுட்டியாய்யா" என்று அவர் கத்தியபோது நீங்கள் ஒரு தடவை என்னைப் பார்த்தீர்கள். நான் வரவேற்பு மேசையில் குனிந்து பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

நவம்பர் கடைசியில் நீங்கள் இன்ஜினை மாற்றி வண்டியை ஒப்படைத்ததிலிருந்து ஒரு மாதம் நன்றாகத்தான் ஓடியது. அறுபத்தெட்டாம் வருட அம்பாசிடர் இப்படி மலை ஏறுமா என்று ஐயாவே வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். பழைய இன்ஜின் புகை கக்கிய காலத்தையே மறந்துவிட்டார். வியாழக்கிழமைதான் எல்லாம் கெட்டது. சென்னையிலிருந்து வந்த நாலு விருந்தினர்களைப் பழனிக்குக் கூட்டிப்போய்வர ஐயா என்னையும் துணைக்கு அனுப்பினார். ஓட்டியது வேல்ராஜ் அண்ணன். இறங்கும்போது ஒன்றும் இல்லை. மதியம் ஒரு மணிக்குப் பழனியை விட்டு, பாதி மலை ஏறினபோது சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. பானெட்டின் ஓரங்களில் ஆவி. வேல்ராஜ் அண்ணன் உடனே நிறுத்தினார். ரேடியேட்டர் மூடியிலிருந்துதான் தண்ணீர் வழிந்தது. ஹோஸ் எதுவும் வெடிக்கவில்லை. அரை மணி ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, மெதுவாக ஏற்றிக் கொண்டுவந்தோம்.

ஐயா முடிவு செய்துவிட்டார். பத்தொன்பதாம் தேதிக்குள் நீங்கள் வந்து இந்த இன்ஜினை இறக்கிவிட்டுப் பழையதையே மாட்ட வேண்டுமாம். இல்லையென்றால் வேறு ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுவாராம். உங்கள் வேலையில் குறை இருக்காது என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஒரு தடவை வந்து சோதித்துப் பாருங்கள், அண்ணே. இறக்கிவிடாதீர்கள்.

ஆஃப்ரா

&nbsp;

பழனி
9 ஜனவரி

இன்ஜினியர் ஆஃப்ரா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. கையெழுத்து அழகாக இருக்கிறது. படிக்கவைத்த பலன் கண்ணுக்குத் தெரிகிறது.

ஒன்பதாவதோடு ஸ்பேனர் பிடித்தவன் நான். எவன் என்ன சொன்னாலும் துடைத்துப் போட்டுவிட்டுப் போவேன். சேனாதிபதி பேசியதும் எனக்குப் பெரிதில்லை. அவர் வண்டி, அவர் கத்துவார். ஆனால் இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தது நீ. நம் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் நீ. அதுவும் மெக்கானிக்கல். "எங்கண்ணன் எல்லாத்தையும் பாத்துத்தான் மாட்டுச்சு" என்று ஒரு வார்த்தை. அதற்கு எத்தனை எழுத்து? நீ குனிந்துகொண்டாய். கிரீஸ் சட்டைக்காரனை அண்ணன் என்று சொல்லக் கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே மலை இறங்கினேன்.

சேதி எனக்கு முன்னால் இறங்கிவிட்டது. கார் ஸ்டாண்டில் ராஜமுருகன் கேட்கிறான்: "ஏலே ஷபீரு, மேல உன் தங்கச்சியே ஒண்ணும் சொல்லலையாமே, அப்ப இன்ஜின் சொத்தைதானா?" பாதி பிரித்துப் போட்டிருந்த வண்டியை ஒருவர் அப்படியே கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் என்ன செய்தேன் என்று கேள். ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே அடைப்பெடுத்தேன். ஹோஸ் எல்லாம் புதிது. தண்ணீர் பம்ப் புதிது. ஹெட் கேஸ்கெட் புதிது. நாலு பேரை ஏற்றிக்கொண்டு நடு வெயிலில் நானே மேலே கொண்டுவந்து விட்டேன். கொதிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து எப்படிக் கொதிக்கும்?

சிறு வயதிலிருந்தே நீ எல்லாவற்றையும் பார்ப்பாய், எதையும் சொல்லமாட்டாய். அன்று பார்த்ததை ஒன்று விடாமல் எழுது. ஆயில் பார்க்கும் குச்சியை உருவிப் பார். ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது, இன்ஜின் முடிந்தது. வழக்கமான நிறத்தில் இருந்தால் தப்பித்தது.

எப்படியானாலும் பத்தொன்பதாம் தேதி பழைய இன்ஜினோடு வருகிறேன். அதுதான் கடைசி. என் கூட்டாளி ரஷாத் கத்தாரில் அவன் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்புக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். வருகிறேன் என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். அங்கே என் தங்கச்சி யார் என்று ஒருவனும் கேட்கமாட்டான்.

ஷபீர்

&nbsp;

கொடைக்கானல்
11 ஜனவரி, சனி

அண்ணே,

குச்சியை உருவிப் பார்த்தேன். ஆயில் தெளிவாக இருக்கிறது. வேல்ராஜ் அண்ணனும் பார்த்து "கேஸ்கெட்டுக்கு ஒண்ணும் ஆகல" என்றார். அதை முதலில் எழுதிவிடுகிறேன். மீதியைப் படித்த பிறகு நீங்கள் கடிதத்தைக் கிழித்தாலும் இது தெரிந்திருக்கட்டும்.

அன்று பார்த்ததை ஒன்று விடாமல் எழுதச் சொன்னீர்கள். போன கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன்.

புது இன்ஜின் வந்ததிலிருந்து காலையில் வண்டி சூடாவதே இல்லை. முள் அடியிலேயே படுத்துக்கிடக்கும். ஏரியைச் சுற்றி வருவதற்குள் நாலு தடவை இருமும். டிசம்பர் பிறந்ததும் வேல்ராஜ் அண்ணன் ரேடியேட்டருக்கு முன்னால் ஓர் அட்டையைக் கட்ட ஆரம்பித்தார். "இது மலை தாயி, தையும் மார்கழியும் அட்டை கட்டாம எந்த வண்டியும் ஓடாது" என்றார். குளிர்காற்று அடிக்காமல் இருந்தால் முள் ஏறிவிடும். இங்கே பாதி வேன்களில் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.

அந்த வியாழக்கிழமை வெள்ளனே விருந்தினர் பெட்டிகளை அவர் ஏற்றிக்கொண்டிருந்தார். அட்டையை என்னைக் கட்டச் சொன்னார். அவர் பாதி ரேடியேட்டரைத்தான் மூடுவார் என்பது எனக்குத் தெரியாது. நான் டிவி பெட்டியின் அட்டையை அளவெடுத்து வெட்டி, மூலைக்கொரு துளை போட்டு, நாலு பக்கமும் கம்பியால் முறுக்கி, முழு ரேடியேட்டரையும் மூடிவிட்டேன். ஒரு விரல் போக இடமில்லை. எனக்கு அதில் பெருமைகூட. "கட்டிட்டியா?" என்றார். தலையாட்டினேன்.

பழனியில் இறங்கியதும் அதைக் கழற்ற வேண்டும் என்றும் தெரியாது. நான் கழற்றியிருப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார்.

வண்டி கொதித்து நின்றதும் அவர் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். விருந்தினர்கள் தள்ளிப்போய் நின்றார்கள். கிரில்லுக்குப் பின்னால் அட்டை தெரிந்தது. ஒரு நிமிடத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. கை சுடச்சுடக் கம்பியைப் பிரித்து, அட்டையை நாலாக மடித்து என் பைக்குள் வைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

வாசலில் நான் குனிந்தது உங்கள் சட்டைக்காக இல்லை, அண்ணே. வாயைத் திறந்தால் அது வெளியே வந்துவிடும், வேலை போய்விடும் என்றுதான். எனக்காக நீங்கள் ஒன்பதாவதோடு நின்றீர்கள். உங்கள் தொழிலை நான் ஓர் அட்டையால் மூடிவிட்டேன்.

நாளை எப்படியும் ஐயாவிடம் சொல்லிவிடுவேன். வில்பட்டியிலிருந்து கேரட் ஏற்றிவரும் பிரசாந்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஆஃப்ரா

&nbsp;

பழனி
11 ஜனவரி, காலை

ஆஃப்ரா,

உன் பதில் இன்னும் வரவில்லை. காத்திருக்கப் பொறுமை இல்லை. இன்று மார்க்கெட்டுக்கு வந்த ஒரு கேரட் வேனில் இதை அனுப்புகிறேன்.

நேற்று பட்டறையில் போல்ட் தேடும்போது பழைய டப்பாவுக்குள் உங்கள் வண்டியின் வால்வு கிடந்தது. நான்தான் கழற்றிப் போட்டேன். தண்ணீர் சூடாகிறவரைக்கும் மூடியிருந்து, சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு அனுப்புகிற தெர்மோஸ்டாட் வால்வு. பழனி வெயிலில் எந்த இன்ஜின் வந்தாலும் அதைத்தான் முதலில் கழற்றுவோம். சனியன் எப்போதாவது மூடியபடி மாட்டிக்கொண்டால் வண்டி வெந்துவிடும். இல்லாவிட்டால் பிரச்சினையே இல்லை. என் முதலாளி அப்படித்தான் செய்தார், நானும் செய்கிறேன், தெருவில் எல்லோரும் செய்கிறார்கள்.

வண்டி ஓடப்போவது பழனியில் இல்லை, கொடைக்கானலில் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அந்தக் குளிரில் வால்வு இல்லாமல் இன்ஜின் எப்படிச் சூடேறும்? வேன்காரனிடம் கேட்டேன். "காலைல முள்ளு எந்திரிக்காட்டி நாங்க அட்டையக் கட்டிருவோம்ணே" என்கிறான். அவன் வேனில் பார்த்தேன், நிஜமாகவே அட்டை! கட்டுகிறவர்கள் மலை இறங்கினதும் கழற்றத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். உங்கள் வேல்ராஜும் கட்டியிருப்பான், கழற்ற மறந்திருப்பான். அப்படியென்றால் கொதித்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. விசாரித்து எழுது. கட்டினவன் கையை முறிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. நவம்பரில் நீ போனில் மெதுவாகக் கேட்டாய். "அண்ணே, அந்த வால்வு வேணும்னு புக்ல போட்டிருக்கே." நான் என்ன சொன்னேன்? "புக்கு புக்குலயே கெடக்கட்டும், நீ உன் சோலியப் பாரு." நீ அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று வாசலில் நீ வாய் திறந்திருந்தால், வால்வைக் கழற்றினது எங்கண்ணன்தான் என்று சொல்லியிருக்கலாம். அது உனக்குத் தெரியும். என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றதைத்தான் நான் கூச்சம் என்று எழுதிவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். "வால்வு அந்த வண்டிக்கு மட்டுமா இல்ல?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்கள்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் நீ எழுது. எழுதினால்தான் உனக்கு வருகிறது.

ஷபீர்

&nbsp;

பழனி
12 ஜனவரி

அடியே,

முழுசாகவா கட்டினாய்? மூலைக்கொரு துளை போட்டா?

பட்டறையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். ராஜமுருகன் எட்டிப்பார்த்துவிட்டுப் போனான். ஆயில் தெளிவாக இருக்கிறது என்ற வரியை மட்டும் மூன்று தடவை படித்தேன்.

கையை முறிக்க வேண்டும் என்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இங்கே நான் வால்வைக் கழற்றாமல் இருந்திருந்தால் அங்கே அட்டைக்கு வேலையே இல்லை. பாதித் தப்பு என்னுடையது. பெரிய பாதி.

சேனாதிபதியிடம் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல். தனியாக மாட்டிக்கொள்ளாதே.

ஷபீர்

&nbsp;

கொடைக்கானல்
15 ஜனவரி

அண்ணே,

சொல்லிவிட்டேன். நாளை என்று எழுதியது மூன்று நாளாகிவிட்டது. பொங்கல் கூட்டத்தில் விடுதி நிரம்பி வழிந்தது என்று காரணம் சொல்லலாம். உண்மையில் இரண்டு தடவை ஐயாவின் அறை வாசல் வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை பேச்சே வேண்டாம் என்று அட்டையைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன்.

"என்னம்மா இது, பார்சலா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் பிரித்துப் பார்த்தார். ரேடியேட்டர் தகடுகளின் கோடு அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. அவர் முகம் மாறியது.

"இது எங்க இருந்துச்சு?"

"வண்டில."

"எப்ப?"

"கொதிச்சப்ப."

"யாரு கட்டுனது?"

"நான்."

அதற்குப் பிறகு வார்த்தை தானாக வந்தது. பைக்குள் ஒளித்தது, வாசலில் சும்மா நின்றது எல்லாம் சொன்னேன். நீங்கள் எழுதச் சொன்னபடி வால்வையும் சொன்னேன். பேசி முடித்தபோது என் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு "வேல்ராஜூ!" என்று ஒரு சத்தம். ஏரிக்கே கேட்டிருக்கும்.

வேல்ராஜ் அண்ணன் வந்து அட்டையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ தாயி, பாதிதான் கட்டணும்! முழுசா கட்டுனா அது காரில்ல, இட்லிக் குண்டான்!"

ஐயா அவரைத் திட்டினார். என்னைத் திட்டினார். உங்களையும், நீங்கள் இல்லாவிட்டாலும், திட்டினார். "அண்ணன் வால்வக் கழட்டுறான், தங்கச்சி மூஞ்சிய மூடுறா. ரெண்டு பேரும் பேசி வச்சா என் வண்டியக் கொல்லப் பாத்தீங்க?" பிறகு அந்த அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அளவு மட்டும் அச்சா இருக்கு" என்றார். வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வேல்ராஜ் அண்ணனோடு வண்டியில் அவரே பழனிக்கு வருகிறார். நீங்கள் வால்வை மாட்ட வேண்டும். மதியம் ஒரு மணிக்கு, அதே பாதையில், அதே பாரத்தோடு, நீங்களே ஓட்டி ஏற்ற வேண்டும். "கொதிச்சா அங்கனயே இன்ஜின இறக்கிருவேன், அவன் கத்தாருக்குப் போனாலும் சரி, எங்க போனாலும் சரி" என்றார். கத்தார் பற்றி நான்தான் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லும்போது அதுவும் வந்துவிட்டது.

பத்தொன்பதாம் தேதி வரை நான் எப்படி இருக்கப்போகிறேன் என்று தெரியவில்லை.

ஆஃப்ரா

&nbsp;

பழனி
20 ஜனவரி, திங்கள்

ஆஃப்ரா,

நேற்று நீ எனக்கு ஒரு டீ கொடுத்தாய். அதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. சுற்றிப் பத்துப் பேர் இருந்தால் எனக்கும் பேச வராது. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

வால்வைச் சும்மா மாட்டவில்லை. அம்மாவின் பால் சட்டியில் தண்ணீர் வைத்து அதைப் போட்டு, தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். எண்பத்திரண்டு டிகிரியில் மெதுவாக வாய் திறந்தது. ஆறவைத்தால் மூடிக்கொண்டது. மூன்று தடவை பார்த்தேன். "இனி அந்தச் சட்டில நான் பால் காய்ச்சவா?" என்று அம்மா கேட்டார்கள். புதுச் சட்டி வாங்க வேண்டும்.

சேனாதிபதி வந்ததும் பட்டறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வால்வை மாட்டினேன். ரேடியேட்டர் மூடியையும் மாற்றினேன், பழையதன் ரப்பர் வெந்துபோயிருந்தது. வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டு, குழாய்களுக்குள் மாட்டியிருந்த காற்றையெல்லாம் வெளியேற்றினேன். குமிழி நின்றதும் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ம்" என்றார்.

பாரத்துக்கு என்ன செய்வது? அவர் மார்க்கெட்டில் எட்டுத் தார் வாழைக்காய் வாங்கி டிக்கியில் அடுக்கினார். பின்சீட்டில் வேல்ராஜும் ராஜமுருகனும். ராஜமுருகன் வேடிக்கை பார்க்க வந்தான், அது எனக்குத் தெரியும். வரட்டும் என்று விட்டேன்.

சேனாதிபதி என் பக்கத்தில் உட்கார்ந்து பாதையைப் பார்க்கவே இல்லை. முள்ளைப் பார்த்தார். முள் பாதிக்கு வந்தது. நின்றது. வளைவுக்கு வளைவு "ஏறுதா?" என்றார். "இல்லீங்க" என்றேன். நீங்கள் கொதித்து நின்ற வளைவில் "நிறுத்து" என்றார். இறங்கி, பானெட்டைத் திறக்கச் சொல்லி, காதைக் கொடுத்துக் கேட்டார். கொதிக்கும் சத்தம் இல்லை. சும்மா ஓடிக்கொண்டிருந்தது, தையல் மிஷின் மாதிரி.

அங்கே ஒரு வேன்காரர் நிறுத்தி, "என்ன சார், பழைய வண்டி, சூடாயிருச்சா?" என்றார். சேனாதிபதிக்கு வந்ததே கோபம். "யாருய்யா சொன்னா? இதுல வால்வு இருக்கு. உன் வண்டில இருக்கா, சொல்லு பாப்போம்!" அந்த ஆள் முழித்துக்கொண்டே போனார். ராஜமுருகன் பின்சீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பெருமாள்மலையில் டீக்கடையில் நிறுத்தி, டம்ளரை என் கையில் அவரே கொடுத்தார். "உன் தங்கச்சி அட்டையத் தூக்கிட்டு வந்து நின்னப்ப மொதல்ல தலையத்தான் ஆட்டுச்சுய்யா. அப்புறம் நிறுத்தாம சொல்லிருச்சு" என்றார். மேலே வரும்வரை முள் அங்கேயே நின்றது.

ரஷாத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கட்டி இழுத்துப் போன வண்டி இன்று காலை திரும்பி வந்துவிட்டது.

ஷபீர்

&nbsp;

கொடைக்கானல்
26 ஜனவரி, ஞாயிறு

அண்ணே,

ஒரு வாரமாக வண்டிக்கு அட்டை இல்லை. காலையில் ஐந்து நிமிடத்தில் முள் எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. இருமல் இல்லை. வேல்ராஜ் அண்ணனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான் என்று நினைக்கிறேன். அவர் இத்தனை வருடம் கட்டிய கை.

வாழைக்காயை ஐயா என்ன செய்வதென்று தெரியாமல் விடுதியில் எல்லோருக்கும் பஜ்ஜி போட்டார். விருந்தினர்கள் நான்கு நாளாக அதைத்தான் சாப்பிடுகிறார்கள்.

இன்று காலை ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியிருந்தோம். விடுமுறைக் கூட்டம். டாக்சி ஓட்டுநர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயா விருந்தினர்களோடு அந்தப் பக்கம் நின்றார். ஓட்டுநர்களில் மூத்தவராகத் தெரிந்த ஒருவர், மணியன் என்று பெயர், "நல்லா ஒக்காந்துருக்கே. யாருய்யா மாத்துனது இந்த இன்ஜின?" என்று கேட்டார்.

வேல்ராஜ் அண்ணன் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"எங்கண்ணன்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. மணியன் காதைக் கையால் மடித்து, "என்ன தாயி?" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐயாவும் பார்த்தார்.

"எங்கண்ணன். ஷபீரு. பழனில பட்டறை வச்சிருக்காரு" என்றேன். இந்த முறை அந்தப் பக்கம் படகுக்கு வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள்.

மூன்று பேர் உங்கள் எண்ணை வாங்கிக்கொண்டார்கள். போன் வரும், எடுங்கள்.

ஆஃப்ரா